பௌர்ணமி இரவில் மலைநடை: யாரோடு போவது, எப்போது போவது?

மலைப்பகுதி ஹோட்டல்கள் பலவற்றில், பௌர்ணமி நெருங்கும்போது வரவேற்பறையில் ஓர் அறிவிப்பு வைப்பார்கள். நிலவொளியில் வழிகாட்டியுடன் நடை, விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று. அதைப் படித்ததும் குடும்பத்துக்குள் விவாதம் தொடங்கிவிடும். இருபது முப்பது பேரோடு சேர்ந்து போவதா? கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்துத் தனி வழிகாட்டியை அமர்த்திக்கொள்வதா? பகலில் பார்த்த பாதைதானே, நாமே போய் வந்தால் என்ன? இரவு உணவை விட்டுவிட்டுப் போவதைவிட விடியற்காலையில் கிளம்பினால் என்ன? இப்படி முடிவெடுக்க முடியாமல் நிற்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நடையில் நாம் தேடிப் போவது சிகரத்தையோ தூரத்தையோ அல்ல, நிலவொளியை. ஆளுக்கொரு டார்ச்சைத் தலையில் மாட்டிக்கொண்டு வெள்ளை வெளிச்சத்துக்குள் ஏறி இறங்கினால், அதை அமாவாசையிலும் செய்திருக்கலாம். ஆகவே எந்த ஏற்பாடாக இருந்தாலும் இரண்டு கேள்விகளை முன்வைக்கிறேன். டார்ச்சை அணைத்துவிட்டு நடக்க இதில் எவ்வளவு நேரம் கிடைக்கும்? நிலைமை சரியில்லை என்றால் "திரும்பிவிடலாம்" என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

## எதை வைத்து எடைபோடுவது

### நிலவு எப்போது முகட்டைத் தாண்டும்?

பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி நிலவு உதிக்கும். ஆனால் அது தடையில்லாத தொடுவானத்துக்கான கணக்கு. ஹோட்டலுக்குக் கிழக்கே ஒரு மலைமுகடு இருந்தால், நாள்காட்டியில் போட்டிருக்கும் உதய நேரத்தால் பயனில்லை.

இதை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. கையை முழுக்க நீட்டி முஷ்டியை மூடிப் பிடித்தால் அதன் அகலம் வானத்தில் ஏறத்தாழ 10 டிகிரி. நிலவு மணிக்குச் சுமார் 14.5 டிகிரி நகர்கிறது. எனவே கிழக்கு முகடு ஒரு முஷ்டி உயரம் இருந்தால், நிலவு வெளியே வர உதய நேரத்துக்குப் பிறகு குறைந்தது 40 நிமிடங்கள் ஆகும். இரண்டு முஷ்டி உயரம் என்றால் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல். இது நிலவு செங்குத்தாக மேலேறும் நிலநடுக்கோட்டுப் பக்கத்துக் கணக்கு. அங்கிருந்து தள்ளிப் போகப் போக நிலவு சாய்வாக ஏறும், இன்னும் தாமதமாகும். ஹோட்டலில் கால் வைத்த அன்று மாலையே முற்றத்தில் நின்று கையை நீட்டி அளந்துவிடுங்கள். இரவு ஏழு மணிக்குக் கிளம்பும் நடை எட்டரை வரை இருட்டில் தடவிக்கொண்டு போகப்போகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இதிலிருந்து பலர் யோசிக்காத ஒரு முடிவுக்கு வரலாம். நிலவு நாளுக்கு நாள் சராசரியாக 50 நிமிடங்கள் தாமதமாக உதிக்கிறது. அப்படியானால் மாலை நடைக்குப் பௌர்ணமியைவிட அதற்கு முந்தைய ஓரிரு நாள்கள்தான் வசதி. பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு, சூரியன் மறையும்போதே நிலவு கிழக்கில் நன்றாக மேலேறி நிற்கும். இடையில் இருட்டு இடைவெளியே இருக்காது. வெளிச்சத்தில் இழப்பு உண்டு. முந்தைய நாள் முழுநிலவில் ஏறத்தாழ முக்கால் பங்கு, இரண்டு நாள் முன்பு பாதிக்குச் சற்று மேல். பாதையைப் பார்த்து நடக்க அது போதும். ஆனால் அரைநிலவு வரை பின்னோக்கிப் போய்விடாதீர்கள். பாதி வட்டம் தெரிகிறதே, பாதி வெளிச்சம் இருக்கும் என்று தோன்றும். உண்மையில் அது முழுநிலவில் பத்தில் ஒரு பங்குதான்.

பருவமும் கணக்கில் வரும். குளிர்காலப் பௌர்ணமி நிலவு வானில் உயர ஏறும்; கோடைக்கால நிலவு தாழ்வாகவே கடந்து போகும். நிலநடுக்கோட்டிலிருந்து தொலைவில் இருக்கும் ஒடுங்கிய பள்ளத்தாக்கு ஒன்றில் கோடையில் தங்கினால், இரவு முழுவதும் நிலவு முகடுகளை உரசிக்கொண்டே போய் மறைந்துவிடலாம்.

### கண் பழக எவ்வளவு நேரம் விடுகிறார்கள்?

முழுநிலவின் வெளிச்சம் தரையில் 0.1 முதல் 0.3 லக்ஸ் வரைதான் இருக்கும். அலுவலக அறையில் இருக்கும் வெளிச்சத்தில் இது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் அதில் நடக்க முடிகிறது. காரணம், விழித்திரையில் உள்ள கோல் செல்கள். அவை இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் தேவை. யாராவது ஒருவர் வெள்ளை டார்ச்சை முகத்தில் அடித்தால், அந்த அரைமணி நேரம் ஒரு நொடியில் வீணாகிவிடும். சிவப்பு விளக்கு கோல் செல்களை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. அதனால்தான் நல்ல வழிகாட்டிகள் சிவப்பு விளக்கை வைத்திருப்பார்கள்.

நிலவொளியில் நடக்கும்போது தரை வேறு மாதிரி தெரியும். நிறங்கள் மறைந்து எல்லாம் நீலம் கலந்த சாம்பலாகும். மங்கலில் சிவப்பு முதலில் கருத்துப்போவதையும் நீலம் தூக்கலாகத் தெரிவதையும் செக் நாட்டு உடலியல் அறிஞர் யான் புர்கின்யே 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கவனித்துச் சொல்லியிருக்கிறார். பார்வையின் நடுப்புள்ளியில் கோல் செல்கள் இல்லை. எனவே காலடியில் உள்ள கல்லை நேராக உற்றுப் பார்த்தால் அது கரைந்து போவதுபோல இருக்கும்; சற்றே பக்கவாட்டில் பார்த்தால் மறுபடி தெரியும். குறுக்கே கிடக்கும் வேரின் நிழல் ஒரு சாண் பள்ளம் போலத் தோன்றும், கால் தயங்கும். சருகு நிரம்பிய உண்மையான பள்ளம் சமதரையாகத் தோன்றும், கால் தயங்காது. கணுக்கால் பிசகுவது இரண்டாவது இடத்தில்தான். இதையெல்லாம் பழகிக்கொள்ள நேரம் கொடுக்கிறார்களா என்பது ஒரு ஏற்பாட்டின் தரத்தைக் காட்டிவிடும்.

### நேரமும் குளிரும்

மலைநடைக்கு நேரம் கணிக்க ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம். அது பகலுக்கு. இரவுக்கு நான் அதை ஒன்றரை மடங்காக்கிக்கொள்வேன், இறக்கத்துக்கும் சேர்த்து.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது பலருக்குத் தெரியும். மேகமில்லாத இரவில் தரை வேகமாகக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் வழிந்து பள்ளத்தாக்கில் தேங்குகிறது. அதாவது நிலவு மிக அழகாகத் தெரியும் இரவுதான் மிகக் குளிரான இரவும். மேலே இதமாக இருந்துவிட்டு, இறங்கி வரும்போது ஹோட்டலுக்குப் பக்கத்தில் பல் கிட்டிப்போகும். வியர்வையில் நனைந்த சட்டையோடு நின்றுவிட்டால் இன்னும் மோசம்.

## ஒரே பார்வையில்

| ஏற்பாடு | நிலவொளி கிடைப்பது | திரும்பும் முடிவு | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| ஹோட்டலின் குழுநடை | ஆள் எண்ணிக்கையைப் பொறுத்தது | வழிகாட்டி | வாடகைப் பொருள், வண்டி, அன்பளிப்பு |
| தனி வழிகாட்டி | அதிகம் | வழிகாட்டியும் நாமும் பேசி | ரத்துக் கட்டணம், வழிகாட்டியின் போக்குவரத்து |
| நாமே போவது | அதிகம் | நாமே | காப்பீடு, அபராதம், மீட்புச் செலவு |
| விடியலுக்கு முன் | முதல் பாதியில் அதிகம் | ஆளைப் பொறுத்தது | தூக்கம், மறுநாள் பயணம் |

## ஹோட்டல் நடத்தும் குழுநடை

இதன் பெரிய பலம், நாம் எதையும் ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை என்பதுதான். பாதை அவர்களுக்குத் தெரியும். அனுமதி தேவைப்படும் இடங்களில் வாங்கி வைத்திருப்பார்கள். குழு திரும்பவில்லை என்றால் கவலைப்பட ஹோட்டலில் ஒருவர் விழித்திருப்பார். முதல்முறை போகிறவர்களுக்கும், தனியாகப் பயணம் செய்கிறவர்களுக்கும், பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளோடு வரும் குடும்பங்களுக்கும் இதுதான் பொருத்தம். பெரும்பாலும் அறைக் கட்டணத்தில் அடங்கியிருக்கும் அல்லது சிறு தொகையில் முடிந்துவிடும்.

பலவீனம் எண்ணிக்கையில் இருக்கிறது. இருபது பேர் வரிசையில் நடக்கும்போது என்ன நடக்கும் என்று பாருங்கள். ஆறாவதாக நடப்பவர் பின்னால் வரும் தன் மனைவியிடம் ஏதோ சொல்லத் திரும்புகிறார். தலையில் மாட்டிய டார்ச்சும் அவரோடு திரும்புகிறது. ஏழு, எட்டு, ஒன்பதாவது ஆட்கள் கண்ணைக் கூசிக்கொண்டு நிற்கிறார்கள். இப்போது அவர்களுக்கு நிலவொளி போதவில்லை, ஆகவே தங்கள் டார்ச்சையும் போடுகிறார்கள். சற்று நேரத்தில் வரிசை முழுவதும் எரிகிறது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. கிளம்பும்போதே விதியைச் சொல்லி, முதல் அரைமணி நேரம் மெதுவாகக் கூட்டிப் போகாத ஏற்பாட்டில்தான் கோளாறு. ஃபிளாஷ் போட்டுப் படம் எடுப்பவர்களும் இப்படித்தான். அந்த வெளிச்சம் சில மீட்டருக்கு மேல் போகாது, மலையும் படத்தில் வராது, சுற்றியிருப்பவர்களின் கண்தான் கெடும்.

பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்த்துக்கொள்ளும் நடையில் நிலவொளியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பேச்சுத்துணையோடு ஓர் இரவு உலா என்று நினைத்துப் போனால் ஏமாற்றம் இருக்காது. எண்ணிக்கை எதுவானாலும் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று இரண்டு பொறுப்பாளர்கள் வேண்டும். கடைசியில் நடப்பவர் கால் இடறி உட்கார்ந்தால் முன்னால் போகும் வழிகாட்டிக்கு எப்படித் தெரியும்?

கிளம்பும் நேரத்தையும் கவனியுங்கள். குழுநடைகள் பெரும்பாலும் இரவு உணவை ஒட்டியே அமைகின்றன, நிலவை ஒட்டி அல்ல. வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே ஏற்றம் என்றால் மூச்சு வாங்கும். மது பரிமாறிவிட்டு நடைக்கு அழைக்கும் இடமாக இருந்தால், குடிக்காமல் போங்கள். இருட்டில் சமநிலைக்கும் குளிரில் உடல்வெப்பத்துக்கும் அது எதிரி. டார்ச், ஊன்றுகோல், கம்பளிச் சட்டை ஆகியவற்றுக்கு வாடகை, பாதை தொடங்கும் இடம் வரை வண்டி, வழிகாட்டிக்கு அன்பளிப்பு எல்லாம் சேர்ந்தால் "இலவசம்" என்ற சொல் தேய்ந்துவிடும்.

## தனி வழிகாட்டி

நாளை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பதற்காகவே இதை நான் உயர்வாக மதிக்கிறேன். பௌர்ணமிக்கு முந்தைய நாள் போகலாம், முகட்டை நிலவு தாண்டும் நேரத்துக்குக் கிளம்பலாம், விருப்பப்பட்ட இடத்தில் உட்காரலாம். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள், நிதானமாகப் படமெடுக்க விரும்புகிறவர்கள், கூட்டத்தின் பேச்சு வேண்டாம் என்பவர்கள் ஆகியோருக்குக் கொடுக்கும் பணம் முழுக்கத் தகும். நான்கு பேர் சேர்ந்து பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு விழும் செலவு பலர் பயப்படும் அளவுக்கு இருக்காது. கட்டணம் பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்று இல்லாமல் வழிகாட்டிக்கு இவ்வளவு என்றே பேசப்படுகிறது.

வழிகாட்டியின் தகுதியில் பலருக்குக் குழப்பம். 1965-இல் தொடங்கப்பட்ட சர்வதேச மலை வழிகாட்டிகள் கூட்டமைப்பின் அடையாளம் வைத்திருப்பவர்கள் பாறை, பனி, பனியாறு ஆகியவற்றுக்குப் பயிற்சி பெற்றவர்கள். பாதையில் நடந்து போகும் நிலவு நடைக்கு அவ்வளவு தேவையில்லை. அதே பாதையில் இருட்டில் பழகிய, முதலுதவி தெரிந்த உள்ளூர்க்காரர் போதும். அவரிடம் நான் கேட்கும் கேள்வி: "இந்தப் பாதையில் இரவில் கடைசியாக எப்போது நடந்தீர்கள்?" போன மழைக்குப் பிறகு எங்கே மண் சரிந்திருக்கிறது, எந்த ஓடையில் நீர் ஏறியிருக்கிறது என்று அவர் தானாகச் சொல்ல ஆரம்பித்தால் சரியான ஆள்.

ஒரு குறையும் உண்டு. ஒரே வழிகாட்டி, ஒரே விருந்தினர் என்ற நிலையில் அவருக்கே அடிபட்டால் நாம் நடு மலையில் தனி. ஆகவே போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வரவேற்பறையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது, அவருடைய தொலைபேசி அல்லாமல் நம் தொலைபேசியிலும் சிக்னல் எங்கே கிடைக்கும் என்று கேட்டுவைப்பது இரண்டும் கட்டாயம். வெளியாளை அமர்த்தினால் ஹோட்டல் வாசல் எத்தனை மணிக்கு அடைக்கப்படும் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். மேகம் மூடினால் முன்பணம் என்னவாகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

## வழிகாட்டி இல்லாமல் நாமே

செலவில்லை, சுதந்திரம் முழுமையாக இருக்கிறது, டார்ச்சும் நம் கையில். மனம் இழுக்கும், எனக்கும் இழுக்கும். ஆனால் இதற்குச் சம்மதிக்க எனக்குச் சில நிபந்தனைகள் உண்டு. அதே பாதையில் அன்றே பகலில் நடந்திருக்க வேண்டும். பாதை அகலமாக, ஒரு பக்கம் பாதாளம் இல்லாமல், மரமடர்த்தி இல்லாமல் இருக்க வேண்டும். அடர்ந்த மரங்களுக்கு அடியில் பௌர்ணமியன்றும் கும்மிருட்டுதான். பெரிய விலங்குகள் நடமாடும் காடாக இருக்கக் கூடாது. குறைந்தது மூன்று பேர் வேண்டும்: ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் துணை இருக்க, ஒருவர் உதவி தேட. இதில் ஒன்று குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

செலவு இல்லை என்று நினைக்கும் இந்த ஏற்பாட்டில்தான் மிகப் பெரிய செலவு ஒளிந்திருக்கிறது. பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிகள் பலவற்றில் இரவு நுழைவுக்குத் தடை உண்டு, மீறினால் அபராதம். மீட்புப் பணிக்கான தொகையை மீட்கப்பட்டவரிடமே வசூலிக்கும் நாடுகள் உண்டு. பயணக் காப்பீட்டுப் பத்திரத்தில் வழிகாட்டி இல்லாத மலைநடைக்கு விலக்கு போட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

போவதென்று முடிவாகிவிட்டால் ஒரு விசில் எடுத்துக்கொள்ளுங்கள். மலைகளில் ஆபத்துக்கான சமிக்ஞை நிமிடத்துக்கு ஆறு முறை. பிறகு ஒரு நிமிடம் நிறுத்தி மீண்டும் ஆறு. விசிலாகவும் இருக்கலாம், டார்ச் ஒளியாகவும் இருக்கலாம். பதிலாக நிமிடத்துக்கு மூன்று வந்தால் யாரோ கேட்டுவிட்டார்கள் என்று பொருள். நின்ற இடத்திலேயே இருங்கள்.

## விடியலுக்கு முன் கிளம்புவது

அதிகம் பேர் கேட்காத ஏற்பாடு இது. எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான்.

மாலை நடையில் ஏற்றம் அந்தி வெளிச்சத்திலும், இறக்கம் இருட்டிலும் களைப்பிலும் அமைந்துவிடுகிறது. கால் தவறுவது இறக்கத்தில்தான் அதிகம். விடியல் நடையில் அது தலைகீழாகிறது. நிலவொளியில் புத்துணர்ச்சியோடு ஏறுகிறோம், பகல் வெளிச்சத்தில் இறங்குகிறோம். மதியத்துக்குப் பிறகு சரிவுகளில் திரளும் மேகம் இரவில் கலைந்துவிடுவது பல மலைகளில் வழக்கம், எனவே வானம் தெளிவாக இருக்கும் வாய்ப்பும் கூடுதல். மூன்று மணிக்கு எழுந்து வருகிறவர்கள் குறைவு என்பதால் குழுநடையே சிறு நடையாகிவிடும்.

இதற்கு நாள் தேர்வு நேர்மாறானது. பௌர்ணமியன்று நிலவு சூரிய உதயத்தை ஒட்டி மேற்கில் மறையும். மேற்கே முகடு இருந்தால் அதற்கு முன்பே போய்விடும். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ என்றால் விடியும்போதும் நிலவு மேலே நிற்கும். வெள்ளி மாலை வந்து ஞாயிறு திரும்புகிறவர்கள், பௌர்ணமி முந்தைய நாளே கழிந்துவிட்டதே என்று வருந்த வேண்டியதில்லை. மாலை நடையை விட்டு விடியல் நடையைக் கேளுங்கள்.

விலை என்ன? தூக்கம். சூரியன் எழும் நேரத்தை ஒட்டியதுதான் நாளின் மிகக் குளிரான பொழுது. உச்சியில் காத்திருக்க இன்னொரு மேல்சட்டை வேண்டும். அதிகாலையில் ஹோட்டல் சமையலறை மூடியிருக்கும், சாப்பிட ஏதாவது முன்னிரவே வாங்கி வைக்க வேண்டும். அன்று பகலில் மலைப்பாதையில் நீங்களே காரோட்டி ஊர் திரும்புவதாக இருந்தால் இந்த நடை வேண்டாம். அரைத் தூக்கத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுவது, இரவு நடையில் உள்ள எந்த ஆபத்தையும்விடப் பெரியது.

## நடக்காமல் பார்ப்பது

மாலைக்கண், கண்புரை, கண் அழுத்த நோய் உள்ளவர்களும், சிறு குழந்தைகளோடு வந்தவர்களும் எந்த வழிகாட்டியோடும் போக வேண்டாம். வயதானால் கண்பாவை முன்போல விரிவதில்லை. இருட்டுக்குப் பழகவும் அதிக நேரம் பிடிக்கும். வெளிவிளக்குகளை அரைமணி நேரம் அணைத்து வைக்கும்படி ஹோட்டலிடம் கேளுங்கள். முற்றத்திலேயே உட்கார்ந்து மலை முழுவதையும் பார்க்கலாம்.

## பெயர் கொடுப்பதற்கு முன்

வரவேற்பறையில் கேட்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். அதிகபட்சம் எத்தனை பேர்? பின்னால் நடக்க ஒருவர் உண்டா? டார்ச்சை அணைத்து எவ்வளவு நேரம் நடப்பீர்கள்? முதல் கேள்விக்கே "வருகிறவர்களைப் பொறுத்து" என்று பதில் வந்தால் தனி வழிகாட்டியைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடலாம்.

எந்த வானிலையில் நடையை ரத்துசெய்வார்கள் என்பது தனியாகக் கேட்க வேண்டியது. மெல்லிய மேகம் ஒரு தடையல்ல. பௌர்ணமியன்று மேகத்துக்குப் பின்னாலிருந்தும் ஒளி கசியும், பாதை தெரியும். இடி, மூடுபனி, பலத்த காற்று ஆகியவை வேறு. அவற்றில் நடை ரத்தானால் கட்டணம் திரும்ப வருமா, அல்லது மறுநாளுக்கு மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். பணம் திரும்பாது என்றால், வழிகாட்டிக்கும் விருந்தினருக்கும் "எப்படியாவது போய்விட்டு வந்துவிடலாம்" என்ற எண்ணம் வருவது இயல்பு. அந்த எண்ணத்தோடு மலையில் இருட்டில் ஏறுவது எனக்கு அச்சம் தருகிறது. மறுநாளுக்கு மாற்றித் தரும் ஹோட்டல் சற்று அதிகமாகக் கேட்டாலும் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

கடைசியாக, திரும்பும் நேரம். "உச்சியை அடைந்ததும் திரும்புவோம்" என்பது பதிலாகாது. எங்கே இருந்தாலும் இத்தனை மணிக்குத் திரும்பிவிடுவோம் என்று ஒரு நேரத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல முடியாதவர்களிடம் பெயர் கொடுக்காதீர்கள்.